ஒரு பக்கம் கேட்காத ஹெட்போன்: பழுதைத் தேடிப் பிடிக்கும் முறை

வயர்லெஸ் ஹெட்போனின் இரண்டு பக்கமும் ஒன்றாக நின்றுபோனால் பழுது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் நின்றால், தேடலில் பாதி வேலை தானாகவே முடிந்துவிட்டது என்று பொருள். தலைக்கு மேல் வளைவாக அணியும் வகையில் புளூடூத் சிப் ஒன்று, போர்டு ஒன்று, பேட்டரி ஒன்று. ஒரு காதில் பாட்டு கேட்கிறது என்றால் இவை மூன்றும் இயங்குகின்றன. ஒலி இடம், வலம் என்று பிரிந்த பிறகு உள்ள பாதையில்தான் பழுது இருக்க வேண்டும். இல்லையேல் ஹெட்போனில் பழுதே இல்லை, கைப்பேசியின் அமைப்பில் ஏதோ மாறியிருக்கிறது. இந்த இரண்டு சாத்தியங்களையும் வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசையில் சோதித்துக் கழித்துக்கொண்டே வருவதுதான் முறை. திருப்புளியை எடுக்கும் கட்டம் மிகவும் பிந்தி வருகிறது. பலருக்கு அது வருவதே இல்லை.

முதலில் பொருள்களை எடுத்து வைத்துக்கொள்வோம். இரண்டாவது கைப்பேசி ஒன்று, 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் கேபிள். காய்ந்த, மிருதுவான பல்துலக்கி. எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஐபிஏ என்று விற்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். காது குடையும் பஞ்சுக் குச்சிகள். இவை முன்பாதிக்குப் போதும். உள்ளே இறங்க நேர்ந்தால் சிறிய நட்சத்திர முனைத் திருப்புளி, மல்டிமீட்டர், கூர்முனை கொண்ட 25 வாட் சால்டரிங் அயர்ன், ஃபிளக்ஸ், மெல்லிய ஈயக் கம்பி, 1 அல்லது 1.5 மில்லிமீட்டர் சுருங்குகுழாய் ஆகியவை தேவை.

சோதனைக்கு எந்த ஒலியைப் போடுகிறோம் என்பது முக்கியம். பிடித்த பாட்டு சரிவராது. ஸ்டீரியோ பதிவில் சில வாத்தியங்கள் ஒரு பக்கத்திலேயே நிற்கும். 1960களின் பதிவுகளில் இது இன்னும் கடுமை. பீட்டில்ஸ் குழுவின் 1965ஆம் ஆண்டு இசைத்தட்டான ரப்பர் சோலின் ஸ்டீரியோ வடிவத்தில் குரல்கள் பெரும்பாலும் ஒரு காதிலும் வாத்தியங்கள் மறு காதிலும் ஒலிக்கும். அதைக் கேட்டு ஹெட்போன் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டினால் பிழை பதிவின் மீதல்ல, சோதனையின் மீது. வானொலிச் செய்தி வாசிப்பே இதற்கு ஏற்றது. ஒரே குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வரும். அதையே தொடக்கம் முதல் கடைசிவரை பயன்படுத்துவோம். முடிவில் இன்னொரு சோதனைக்கும் அது உதவும்.

முதல் கட்டம் கைப்பேசி. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி என்ற பகுதிக்குள் செவித்திறன் சார்ந்த அமைப்புகள் இருக்கின்றன. அங்கே இடம், வலம் என்ற இரு முனைகளுக்கிடையே நகரும் ஒரு கோடு உண்டு. அதன் புள்ளி நடுவில் நிற்க வேண்டும். ஒரு முனைக்கு ஒதுங்கியிருந்தால் மறுபக்கம் சுத்தமாக மௌனமாகிவிடும். புள்ளியை நடுவுக்குக் கொண்டுவருவதோடு சிலருடைய சிக்கல் தீர்ந்துவிடுகிறது. விண்டோஸ் 11 கணினியில் இன்னும் ஒரு படி உண்டு: ஒலி அமைப்புகளில் ஹெட்போனின் பெயரைத் தொட்டு உள்ளே போனால் இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனி அளவுகள் தெரியும். இரண்டும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும்.

கைப்பேசியில் இட-வலக் கோடு இருந்த அதே பகுதியில் மோனோ ஆடியோ என்ற பொத்தான் இருக்கும். அதைப் போட்டால் கைப்பேசி இரண்டு பக்கத்து ஒலியையும் கலந்து இரண்டு காதுக்கும் ஒன்றையே அனுப்பும். மோனோ போட்டதும் ஊமைப் பக்கம் பேசத் தொடங்கினால் ஹெட்போன் நன்றாக இருக்கிறது. ஒலிக்கோப்போ, ஈக்வலைசர் செயலியோ ஒரு பக்கத்தை வெட்டுகிறது. மோனோவிலும் மௌனம் நீடித்தால் இரண்டாவது கைப்பேசியுடன் இணைத்துப் பார்க்கிறோம். அங்கும் அதே பக்கம் கேட்கவில்லை என்றால் பழுது ஹெட்போனில்தான். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போதும். இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு நேராகத் திருகாணியைக் கழற்றுபவர்கள் நல்ல பொருளை உடைத்துக்கொள்கிறார்கள்.

இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. காதுக்குள் தனித்தனியாகச் செருகும் இயர்பட் ஒரு வழி. வளைவுள்ள ஹெட்போன் மற்றொரு வழி.

இயர்பட்டில் ஒவ்வொரு பக்கமும், அதாவது ஒவ்வொரு பட்டும், தனிக் கருவி. தனிப் பேட்டரி, தனி சிப், தனி ஆண்டெனா. ஆகவே முதல் கேள்வி, ஊமையான பட்டுக்கு மின்சாரம் ஏறியிருக்கிறதா என்பது. இரண்டையும் சார்ஜிங் கேஸில் வைத்து ஒவ்வொன்றின் விளக்கையும் பார்க்கிறோம். ஒன்றில் விளக்கு எரிந்து மற்றதில் எரியாவிட்டால் காரணம் பெரும்பாலும் தொடுமுனைகளில் இருக்கும். கேஸின் குழிக்குள் இரண்டு அல்லது மூன்று சிறு முள்கள் விற்சுருளின் மேல் நிற்கின்றன. பட்டின் அடியில் அவற்றுக்கு நேரே உலோகப் புள்ளிகள் உள்ளன. வியர்வையின் உப்பு படிந்து, தங்கப் பூச்சு தேய்ந்த இடத்தில் செம்பு பச்சை பூத்திருக்கும். உற்றுப் பார்த்தால் ஊசிமுனை அளவுக்குப் பச்சைத் திட்டு தெரியும். பஞ்சுக் குச்சியின் நுனியை ஐபிஏவில் தொட்டு, சொட்டாதபடி பிழிந்து, புள்ளிகளையும் முள்களையும் துடைக்கிறோம். ஒவ்வொரு முள்ளையும் மெல்ல அழுத்திவிட்டால் அது திரும்ப எழ வேண்டும். எழாமல் அமுங்கியே இருக்கும் முள், துடைத்த பின் நாலைந்து முறை அழுத்திவிட்டால் பெரும்பாலும் விடுபடும். ஐந்து நிமிடம் உலர விட்டு, பட்டை வைத்து மூடி, ஒரு மணி நேரம் சார்ஜ் ஏற்றுகிறோம். பல மாதம் கிடப்பில் இருந்த பட் அடிமட்டம் வரை தீர்ந்துபோயிருக்கும். அது விழிக்கச் சற்று நேரம் ஆகும் என்பதால் பத்து நிமிடத்தில் முடிவுகட்டக் கூடாது.

விளக்கு எரிகிறது, ஒலி இல்லை என்றால் அடுத்தது வாய்ப்பகுதி. ரப்பர் முனையைக் கழற்றினால் ஒரு கண்ணிவலை தெரியும். காதுக் குறும்பி அதில் மெல்ல மெல்லப் படிகிறது. ஆகவே இந்த அடைப்பின் அடையாளம், ஒலி நாள்போக்கில் மங்கி வந்திருப்பது. நேற்றுவரை முழுதாகக் கேட்டு இன்று அறவே நின்றது என்றால் குறும்பியைச் சந்தேகிக்க வேண்டாம். சுத்தம் செய்யும்போது வலை கீழ்நோக்கி இருக்க வேண்டும். பல்துலக்கியால் மேலிருந்து கீழாகத் தட்டித் தேய்க்கும்போது உதிர்வது வெளியே விழும். மேல்நோக்கிப் பிடித்தால் உள்ளேதான் போகும். ஊசியோ குண்டூசியோ கூடாது. வலை கிழிந்தால் அதன் பின்னாலேயே ஸ்பீக்கரின் மெல்லிய சவ்வு இருக்கிறது. ஊதுவதும் தவறு, மூச்சோடு ஈரமும் சேர்ந்து போகும்.

மூன்றாவது, இணைப்பு. தொடக்ககால இயர்பட்களில் கைப்பேசி ஒரு பட்டுடன் மட்டுமே பேசும். அந்தப் பட் தன் இணைக்கு ஒலியைக் கடத்தும். பிந்தைய வகைகளில் இரண்டு பட்டும் கைப்பேசியின் அலையை நேராகவே பிடித்துக்கொள்கின்றன. எந்த வகையானாலும் இரண்டு பட்டும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும். அந்த அறிமுகம் அறுந்தால் ஒன்று பாடும், மற்றது காத்துக்கொண்டே இருக்கும். புளூடூத் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை தோன்றுவது இதற்குத் தெளிவான தடயம். சரிசெய்யும் வரிசை மாறக் கூடாது. முதலில் கைப்பேசியின் பட்டியலில் இருக்கும் பெயர்களை எல்லாம் நீக்குகிறோம். பிறகு கைப்பேசியின் புளூடூத்தையே அணைக்கிறோம். அணைக்காவிட்டால் முதலில் விழித்த பட் ஓடிப்போய்க் கைப்பேசியோடு ஒட்டிக்கொள்ளும், இணை தனித்து நிற்கும். அடுத்து, தயாரிப்பாளரின் கையேட்டில் சொல்லியபடி இரண்டையும் மீட்டமைக்கிறோம். பெரும்பாலும் பொத்தானையோ தொடுபரப்பையோ பத்து முதல் பதினைந்து வினாடி அழுத்திப் பிடிப்பதுதான். இரண்டையும் ஒரே நேரத்தில் கேஸிலிருந்து எடுத்து அருகருகே வைக்கிறோம். ஒன்றின் விளக்கு நின்று மற்றது மட்டும் மின்னினால் இரண்டும் சேர்ந்துவிட்டன. அதற்குப் பின்னரே புளூடூத்தைப் போட்டு, தோன்றும் ஒற்றைப் பெயரைத் தொடுகிறோம்.

ஒரு பட் முழுதாக நிற்காமல் விட்டு விட்டுக் கேட்டால் அது பழுதாகவே இல்லாமல் இருக்கலாம். புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சும். நம் உடலில் நீரே மிகுதி. கைப்பேசி வலது பின்பையில் இருக்கும்போது இடது காதில் ஒலி அறுவது இதனால்தான். பையை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்த பின்னும் பேசாத பட்டைத் திறக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓடு பசையால் ஒட்டப்பட்டது. உள்ளே சில பத்து மில்லிஆம்பியர்-மணிப் பேட்டரி, போர்டைத் தொட்டாற்போல் நெருங்கியிருக்கிறது. கத்தி நழுவினால் அதில்தான் இறங்கும். அதே மாடலின் ஒற்றைப் பட் கிடைத்தால் வாங்கி, மேலே சொன்ன வரிசையில் பழையதோடு சேர்த்துவிடலாம்.

இனி வளைவுள்ள ஹெட்போன். இதில் வேலை செய்வது மனநிறைவு தரும். ஒவ்வொரு பகுதியும் கைக்கும் கண்ணுக்கும் அகப்படுகிறது.

முதல் சோதனை ஆக்ஸ் கேபிள். ஹெட்போனை அணைத்துவிட்டு கேபிளைச் செருகிச் செய்தியைப் போடுகிறோம். பிளக் இரண்டு முனையிலும் கிளிக் என்று முழுதாக உட்கார வேண்டும். அதன் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி பொதுக்கம்பி. அரைகுறையாக நின்றால் ஒரு பக்கம் நிற்பது இயல்பு. அணைத்த நிலையில் பெரும்பாலான ஹெட்போன்களில் கேபிளின் ஒலி புளூடூத் சிப்பைத் தொடாமல் நேராக ஸ்பீக்கருக்குப் போகிறது. கேபிளில் இரண்டு பக்கமும் கேட்டு, புளூடூத்தில் மட்டும் ஒன்று நின்றால் போர்டில் இருக்கும் ஒலிபெருக்கிப் பகுதி கெட்டிருக்கிறது. இரண்டு வழியிலும் அதே பக்கம் மௌனம் என்றால் கம்பி அல்லது ஸ்பீக்கர்.

கம்பியா ஸ்பீக்கரா என்பதைத் திறக்காமலேயே ஊகிக்க ஒரு வழி உண்டு. இந்த வேலையில் நான் மிகவும் மெச்சுவது இதைத்தான். பொத்தான்களும் சார்ஜிங் துளையும் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தக் காதுக் கிண்ணத்தில்தான் பெரும்பாலும் போர்டு இருக்கிறது. மறுகிண்ணத்துக்கு ஒலி போக வேண்டுமானால் மெல்லிய கம்பிகள் கீல் வழியாக ஏறி, நீட்டிச் சுருக்கும் பகுதியைக் கடந்து, வளைவின் உள்ளே ஓடி, மறுபக்கம் இறங்க வேண்டும். ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் நீட்டும்போதும் அவைதான் வளைகின்றன. ஆகவே பொத்தான் இல்லாத பக்கம் ஊமையானால் வளைவுக்குள் ஓடும் கம்பியையும், பொத்தான் உள்ள பக்கமே ஊமையானால் ஸ்பீக்கரையோ அதன் ஈயப்பற்றையோ முதலில் சந்தேகிக்கிறோம். செய்தி ஓடிக்கொண்டிருக்க, கீலை மெல்ல மடித்து விரிக்கிறோம். நீட்டும் பகுதியை ஒவ்வொரு படியாக இழுக்கிறோம். ஏதோ ஒரு நிலையில் கரகரவென்று ஒலி வந்து போனால் அறுந்த இடம் அதுவே.

இப்போது திறக்கலாம். காதுக் குஷனின் விளிம்புக்கு அடியில் பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் செருகிச் சுற்றிவர நெம்பினால் அது கழன்று வரும். அடியில் மூன்று அல்லது நான்கு திருகாணிகள். சில மாடல்களில் துணி வட்டத்துக்குக் கீழே மறைந்திருக்கும். ஒரு காகிதத்தில் வட்டம் வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அதன் இடத்திலேயே குத்தி வைப்பது நல்ல பழக்கம். ஒன்று சற்று நீளமாக இருந்தால் அது தவறான துளையில் ஏறி ஓட்டைத் துளைக்கும் ஆபத்து இதனால் நீங்குகிறது. ஸ்பீக்கர் தட்டை மெல்லத் தூக்கி, கம்பிகளைப் படம் எடுத்துக்கொண்டு, பேட்டரி இணைப்பைப் பிரிக்கிறோம். செருகி இருந்தால் இழுக்கலாம். ஈயத்தால் பற்றியிருந்தால் சிவப்புக் கம்பியை மட்டும் எடுத்து டேப் சுற்றி வைக்கிறோம். பேட்டரி உப்பியிருந்தால் வேலையை அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து ஊமைப் பக்கத்து ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் தொடுகிறோம். பெரும்பாலான ஸ்பீக்கர்கள் 32 ஓம் வகை. 30க்கு அருகில் ஏதோ ஓர் எண் வர வேண்டும். தொடும்போது சவ்விலிருந்து 'டிக்' என்று ஒரு சிறு ஒலியும் எழும். எண்ணும் இல்லை, ஒலியும் இல்லை என்றால் உள்ளே தலைமுடியைவிட மெல்லிய சுருள் அறுந்துவிட்டது. ஸ்பீக்கரை மாற்றத்தான் வேண்டும். விட்டமும் ஓமும் ஒத்த ஸ்பீக்கரை இரண்டாக வாங்கி இரு பக்கமும் மாற்றுவது நல்லது. ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு காதிலும் ஒலியின் நிறம் வேறுபடும்.

ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் மல்டிமீட்டரைப் பஸர் நிலைக்கு மாற்றிக் கம்பியைச் சோதிக்கிறோம். முதலில் ஸ்பீக்கரிலிருந்து ஒரு கம்பியைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காவிட்டால் மீட்டரின் மின்னோட்டம் சுருளின் வழியாகச் சுற்றிவந்து, அறுந்த கம்பிக்கும் பஸர் ஒலித்துவிடலாம். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் போர்டிலும், மற்ற முனையை மறுகிண்ணத்தில் அதே கம்பியின் நுனியிலும் வைக்கிறோம். பஸர் ஒலிக்க வேண்டும். கீலை ஆட்டிப் பார்க்கிறோம். ஆட்டும்போது ஒலி அறுந்தால் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

நடுவில் ஒட்டுப்போடுவதைவிட முழுக் கம்பியையும் மாற்றுவதே நீடிக்கும். பழைய கம்பியின் முனையில் புதியதைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துப் பாவாடைக்கு நாடா கோப்பதுபோல் இழுத்தால், பழையது வெளியேறும் வழியே புதியது உள்ளே வந்துவிடும். இழுப்பதற்கு முன் வளைவை முழு நீளத்துக்கு நீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நீளத்துக்கு மேல் ஒவ்வொரு பக்கமும் 2 சென்டிமீட்டர் தளர்வு விடுகிறோம்.

ஹெட்போன் கம்பி பெரும்பாலும் சாதாரண செம்பு அல்ல. ஒவ்வொரு இழைக்கும் மேல் நிறமுள்ள அரக்குப் பூச்சு உண்டு. இழைகளுக்கிடையே நூலும் ஓடும். சிவப்பும் பச்சையும் வண்ணமாகத் தெரிவது அந்தப் பூச்சுதான், அதன் மேல் ஈயம் ஒட்டாது. கத்தியால் சுரண்டினால் இழை அறும். சால்டரிங் அயர்னின் முனையில் ஒரு துளி ஈயத்தை உருக்கி, 350 முதல் 380 பாகை வெப்பத்தில், கம்பியின் கடைசி 3 மில்லிமீட்டரை அந்தத் துளிக்குள் பிடிக்கிறோம். முதல் வினாடியில் ஒன்றும் நடவாது. பிறகு மெல்லிய புகை எழும்; நிறம் கருகிச் சுருங்கும்; அதன் பின்னாலேயே வெள்ளி நிறம் இழை வழியே ஏறி வரும். அது 3 மில்லிமீட்டர் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். இந்தப் புகையை முகர வேண்டாம், சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பற்றவைப்பதற்கு முன்பே சுருங்குகுழாயைக் கம்பியில் கோத்துவிட வேண்டும். முனையில் ஃபிளக்ஸ் தொட்டு, அயர்னை இரண்டு வினாடிக்கு மேல் வைக்காமல் பற்றவைக்கிறோம். அதற்கு மேல் நின்றால் ஸ்பீக்கரின் பிளாஸ்டிக் விளிம்பு இளகிச் சுருளின் நுனியை இழுத்துவிடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதன் இரண்டு கம்பிகளைத் தனித்தனியாகவே வைக்கிறோம். பல புளூடூத் சிப்களில் இரண்டு பக்கத்து எதிர்முனைகளும் ஒன்றல்ல. கம்பியை மிச்சப்படுத்த அவற்றைச் சேர்த்து முறுக்கினால் ஒலிபெருக்கியே போய்விடலாம். பற்றிய இடத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சொட்டு ஹாட் குளூ வைத்தால் இழுவிசை பற்றின் மேல் விழாது. ஸ்பீக்கரின் பின்னுள்ள காற்றுத் துளைகளில் மட்டும் பசை படக் கூடாது, படிந்தால் தாழ்சுருதி அமுங்கிப்போகும்.

மூடுவதற்கு முன் பேட்டரியை இணைத்து, மோனோ போட்டு, செய்தியைக் கேட்கிறோம். வாசிப்பவரின் குரல் தலையின் நடுவிலிருந்து, ஒரே புள்ளியிலிருந்து வருவதுபோல் கேட்க வேண்டும். இரண்டு காதிலும் ஒலி இருந்தும் குரல் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாமல் விரிந்து, தாழ்சுருதி மெலிந்து கேட்டால், ஒரு பக்கத்தின் நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறிவிட்டன. ஒரு ஸ்பீக்கர் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கிறது. அந்த இரண்டு கம்பிகளை மாற்றிப் பற்றினால் குரல் சட்டென்று நடுவில் வந்து நிற்கும். இந்தச் சோதனையைப் பல கடைகளில் செய்வதில்லை. செய்பவரின் வேலையை நம்பலாம்.

பிறகு எல்லாம் தலைகீழ் வரிசை. ஸ்பீக்கரின் காந்தத்தில் திருகாணியோ ஈயத் துணுக்கோடு வந்த இரும்புத் தூளோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து டேப்பால் ஒற்றி எடுக்கிறோம். கம்பி திருகாணித் தூண்களில் நசுங்காதபடி படத்தைப் பார்த்து அமர்த்துகிறோம், காகிதத்திலிருந்து திருகாணிகள் தத்தம் துளைகளுக்குப் போகின்றன, குஷன் அமர்கிறது. மோனோவை அணைத்துவிட்டு, ஒலி ஓடிக்கொண்டிருக்க, கீலையும் நீட்டும் பகுதியையும் பத்து முறை முழு அளவுக்கு அசைத்துப் பார்க்கிறோம். கரகரப்பு இல்லை என்றால் வேலை முடிந்தது.

அடுத்த ஹெட்போன் வாங்கும்போது கடையிலேயே இரண்டைப் பாருங்கள்: ஆக்ஸ் துளை இருக்கிறதா, குஷன் கழன்று வருகிறதா. இரண்டும் உள்ளதை வாங்குங்கள்.